காபரேட்டர் ஸ்க்ரூவில கை வைக்க முதல்: திருமலையில (திருகோணமலை) என்னட்டக் கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடுறன், நான் கராஜ் வச்சிருக்கிற ஆள் இல்ல. நிலாவெளியில மாமாட வெங்காயத் தோட்டத்தில தண்ணி இறைக்கிற மிசின் நிண்டா என்னைத்தான் கூப்பிடுவார், அப்படிப் போய்ப் போய்ப் பழகினதுதான். இப்ப புல்லு வெட்டுற மிசின், மரம் அரியுற மிசின், வீட்டு ஜெனரேட்டர் எண்டு உப்புவெளியில இருந்து கிண்ணியா வரைக்கும் ஆக்கள் கோல் எடுக்கினம், சுத்திச் சுத்திப் பாத்தா கேள்வி ஒண்டுதான், அந்தச் சின்ன ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்புறது. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டுக் களைச்சுப் போய்த்தான் இதை எழுதுறன்.

கேள்வி: அந்த ஸ்க்ரூ உண்மையில என்னதான் செய்யுது?

பெற்றோல் தனிய எரியாது, காத்தோட கலந்துதான் எரியும். கணக்குப்படி ஒரு கிராம் பெற்றோல் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். நிறுவையில சொன்னா சின்னதாத் தெரியும், அளவில பாத்தா ஒரு லீற்றர் பெற்றோலுக்கு கிட்டத்தட்ட 9000 லீற்றர் காத்து, அதாவது வீட்டு மாடியில நிக்கிற 1000 லீற்றர் தண்ணித் தாங்கி ஒம்பது நிறைய. இவ்வளவு காத்துக்குள்ள அந்தக் கொஞ்சப் பெற்றோல அளந்து விடுறதுதான் காபரேட்டர்ட வேலை. காத்து ஓடுற குழாய் நடுவில ஒடுங்கி இருக்கும், அந்த இடத்தில காத்து வேகமாப் போகேக்க அழுத்தம் குறையும், அதால கீழ கிண்ணத்தில கிடக்கிற பெற்றோல் சின்னத் துவாரத்தால மேல ஏறி வரும். அந்தத் துவாரம்தான் ஜெட். ஸ்க்ரூ எண்டுறது அந்த வழியில நுனி கூரா நிக்கிற ஒரு ஊசி, உள்ள போனா வழி ஒடுங்கும், வெளிய வந்தா வழி அகலும், அவ்வளவுதான்.

கேள்வி: எண்ணெய் கூடிட்டா காத்து கூடிட்டா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எண்ணெய் எண்டு இதில நான் சொல்றது பெற்றோலத்தான். அது கூடினா மிசின் பாரமா ஓடும், சைலன்சரால கறுப்புப் புகை வரும், பெற்றோல் மணக்கும், பிளக்கக் கழட்டிப் பாத்தா சட்டி அடியில பிடிச்ச கரி மாதிரிக் கறுப்பா இருக்கும். குளிரா இருக்கேக்க நல்லா ஓடும், சூடாகினதும் முக்கி முக்கி நிண்டிடும். காத்து கூடினா நேர்மாறு, ஸ்டாட் எடுக்கவே சொக் (காத்த மறிக்கிற தட்டு) போடச் சொல்லும், ரேஸ் குடுத்த உடன ஒருக்கா விழுந்துதான் எழும்பும், ரேஸ விட்டாலும் சத்தம் உடன இறங்காம தொங்கிக் கொண்டு நிக்கும், பிளக் வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும், மிசின் சரியாச் சூடேறும். நல்லா இருக்கிற பிளக் வெறும் தேத்தண்ணியில பால் கொஞ்சம் விட்ட நிறம்.

இன்னொரு வழி இருக்கு, எனக்குப் பிடிச்சது இதுதான். மிசின் சூடாகி ஓடேக்க சொக்கப் பாதி மூடுங்க. சத்தம் சீராகி நல்லா ஓடுதெண்டா காத்து கூடிக் கிடக்கு. இன்னும் மோசமாகி நிக்கப் பாக்குதெண்டா எண்ணெய் கூடிக் கிடக்கு. ஒரு சதம் செலவில்ல.

கேள்வி: சரி, எந்தப் பக்கம் திருப்பினா எது கூடும்?

இதுலதான் கனபேர் பிழைக்கினம். மணிக்கூடு சுத்துற பக்கம் இறுக்கினா எண்ணெய் குறையும், எதிர்ப் பக்கம் இளக்கினா எண்ணெய் கூடும், இது எண்ணெய் போற வழியில நிக்கிற ஸ்க்ரூவுக்கு. புல்லு வெட்டுற மிசின், செயின்சோ, தண்ணி மிசின் எல்லாம் அனேகமா இந்தச் சாதிதான். ஆனா பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் கொஞ்சத்தில ஸ்க்ரூ காத்து போற வழியில நிக்கும், அதில எல்லாம் தலைகீழ், இளக்கினா காத்துக் கூடும். அடையாளம் என்னெண்டா ஸ்க்ரூ ஏர் கிளீனர் பக்கமா இருந்தா அனேகமா காத்து ஸ்க்ரூ, எஞ்சின் பக்கமா இருந்தா எண்ணெய் ஸ்க்ரூ. ஒரு தம்பி கந்தளாயில இருந்து கோல் எடுத்து நீங்க சொன்ன மாதிரியே இளக்கினன் இன்னும் மோசமாப் போச்சு அண்ணே எண்டார், படத்த அனுப்பச் சொல்லிப் பாத்தா ஸ்க்ரூ ஏர் கிளீனர் பக்கம் நிக்குது.

கேள்வி: அப்ப இப்பவே திருப்பிப் பாக்கவா?

வேண்டாம்! நேற்று வரைக்கும் நல்லா ஓடின மிசின் இண்டைக்குக் கரச்சல் குடுக்குதெண்டா ஸ்க்ரூ ராத்திரி எழும்பித் தானாத் திரும்பி இருக்காது. வேற ஏதோ ஒண்டு மாறியிருக்கு, அதைக் கண்டுபிடிக்காம ஸ்க்ரூவத் திருப்பினா ஒரு பிழை ரெண்டு பிழையாகும். என்னட்ட வந்த பத்து மிசினில ஏழெட்டு ஸ்க்ரூவே தொடாமச் சரி வந்ததுதான்.

முதல்ல ஏர் கிளீனரப் பாருங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தோட்டத்துப் புழுதி முழுக்க அதுக்குள்ளதான். ஸ்பொஞ்ச் எண்டா சவர்க்காரத் தண்ணியில கழுவிக் காய வச்சு ரெண்டு சொட்டு எஞ்சின் ஒயில் விட்டுப் பிசைஞ்சு பிழிஞ்சிட்டுப் பூட்டுங்க. அது அடைபட்டா காத்து குறையும், எண்ணெய் கூடின மாதிரியே எல்லா அடையாளமும் காட்டும், நீங்க ஸ்க்ரூவ இறுக்குவீங்க, பிறகு ஒரு நாள் ஏர் கிளீனரக் கழுவினதும் மிசின் காத்துக் கூடிச் சூடேறிச் செத்துப் போகும்.

அடுத்தது பழைய பெற்றோல். 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூவில நிண்டு எடுத்த பெற்றோல கான் கானா ஒளிச்சு வச்சது ஞாபகம் இருக்கும்தானே, பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து கியூ குறைஞ்ச பிறகும் எங்கட வீட்டில ஒரு கான் கட்டிலுக்குக் கீழ கிடந்தது (கட்டிலுக்குக் கீழ பெற்றோல் வைக்கிறது எவ்வளவு விசர் வேலை எண்டு இப்ப யோசிச்சா நெஞ்சு இடிக்குது). அதை ஒரு வருசத்தால ஜெனரேட்டருக்கு ஊத்தினன். ஓடிச்சு, பத்து நிமிசம். காபரேட்டரக் கழட்டினா கிண்ணத்தில வார்னிஷ் மாதிரி மஞ்சளாப் பிசின், மணம் பழைய பெயின்ற் மணம். ஸ்க்ரூவ நூறு தரம் திருப்பினாலும் அது சரி வராது.

மூண்டாவது தண்ணி. பெற்றோலவிடத் தண்ணி பாரம், அதால கிண்ணத்து அடியில போய்த் தங்கும். எங்கட ஊர் கடல் காத்தில அது இன்னும் மோசம், அலுமினியக் கிண்ணத்தில வெள்ளையா மா மாதிரி ஒண்டு பிடிக்கும், அது உதிர்ந்து ஜெட்டுக்குள்ள போய் நிக்கும். கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற ட்ரெயின் நட்ட இளக்கி ஒரு கண்ணாடிக் கிளாசில பிடிச்சுப் பாருங்க, தண்ணி முட்டை முட்டையா அடியில உருளும், வடிவாத் தெரியும்.

கேள்வி: தண்ணி மிசின் ஒரு சீரா ஓடாம கூடிக் குறைஞ்சு கூடிக் குறைஞ்சு ஓடுது, ஸ்க்ரூ வேலையா?

இல்ல, நூற்றுக்குத் தொண்ணூறு பைலட் ஜெட் (மெல்ல ஓடேக்க எண்ணெய் விடுற சின்ன ஜெட்) அடைப்பு. மாமாட மிசின் பங்குனி மாசம் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டேக்க இப்படித்தான் ஊ... ஊ... எண்டு மூச்சு வாங்கின மாதிரி ஓடிச்சு. நடக்கிறது என்னெண்டா எண்ணெய் போதாம வேகம் விழும், விழுந்த உடன கவர்னர் (வேகத்த ஒரே அளவில பிடிக்கிற பாகம்) த்ரொட்டில (எஞ்சினுக்குப் போற வழியில இருக்கிற கதவு) இழுத்துத் திறக்கும், திறந்ததும் பெரிய ஜெட்டால எண்ணெய் வந்து வேகம் ஏறும், ஏறினதும் கவர்னர் மூடும், மூடினதும் திரும்ப எண்ணெய் போதாது. நான் சொக்கப் பாதி மூடினன், சத்தம் நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சு. மாமா "அப்ப சொக்கப் போட்டபடியே ஓட்டுவமே" எண்டார். ஓட்டலாம், ஆனா சொக் காத்த மட்டும்தான் மறிக்குது, ஜெட் அடைப்பு அப்படியேதான் கிடக்கு.

கேள்வி: ஜெட்ட எதால குத்திக் கிளீன் பண்றது?

ஊசியால குத்தாதீங்க, சேப்டி பின்னால குத்தாதீங்க, ஸ்டீல் கம்பியால குத்தவே வேண்டாம். ஜெட் பித்தளை, ஓட்டை அரை மில்லிமீற்றரவிடச் சின்னன், ஒருக்காக் கீறினா அளவு மாறிப் போயிடும், பிறகு எந்த ஸ்க்ரூவாலயும் அதைத் திருத்த ஏலாது. எங்கட ஊரில இருக்கிறவனுக்கு இதுக்கு நல்ல சாமான் வீட்டிலயே கிடக்கு, தங்கூசி, மீன் பிடிக்கிற நைலோன் நூல். மெல்லிய தங்கூசித் துண்டு ஒண்ட வெட்டி உள்ள விட்டு இழுங்க, நைலோன் பித்தளையக் கீறாது. அது இல்லாட்டி கரண்ட் வயருக்குள்ள இருக்கிற செப்பு இழை ஒண்டு. பிறகு காபரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, வட்டமா வெளிச்சம் தெரிஞ்சாத்தான் சரி. ஸ்ப்ரே அடிக்கேக்க கண்ணில படாம, ஒரு துவாரத்தில அடிச்சா மற்றத் துவாரத்தால நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.

கேள்வி: எல்லாம் கிளீன் பண்ணியாச்சு, இனி செயின்சோ, புல்லு மிசினுக்கு ஸ்க்ரூ வைக்கிற முறையச் சொல்லுங்க.

அதில மூண்டு ஸ்க்ரூ இருக்கும், பக்கத்தில இங்கிலீசில எல் (L), எச் (H), டி (T) எண்டு எழுத்து இருக்கும் (சிலதில டிக்குப் பதிலா எல்ஏ, LA). எல் ஸ்லோவுக்கும் ரேஸ் எடுக்கிற தொடக்கத்துக்கும் எண்ணெய் அளக்கும், எச் முழு வேகத்துக்கு. டி எண்ணெய அளக்காது, த்ரொட்டில் எவ்வளவு திறந்து நிக்கணும் எண்டு மட்டும் பிடிக்கும். டியத் திருப்பி மிக்சர் (எண்ணெயும் காத்தும் கலக்கிற அளவு) வச்சிட்டன் எண்டு சொல்ற ஆக்கள் இருக்கினம்.

தொடுறதுக்கு முதல் இப்ப எங்க நிக்குது எண்டு எண்ணி எழுதுங்க. எல் ஸ்க்ரூவ மெல்லமா இறுக்கிக் கொண்டு போங்க, கால், அரை, முக்கால், ஒண்டு எண்டு எண்ணிக் கொண்டு, அடி தட்டுற இடத்தில நிப்பாட்டுங்க. தட்டின பிறகு இறுக்காதீங்க, ஊசி நுனி வளையும், உக்காருற இடம் பள்ளமாகும். எத்தனை சுத்து எண்டு கையிலயாவது எழுதுங்க, நான் பேனை இல்லாம பெற்றோல் கானில ஆணியால கீறி வச்சிருக்கிறன். எச்சையும் இப்படியே எண்ணுங்க. பிறகு எல், எச் ரெண்டையும் அடியில இருந்து ஒரு சுத்து தொடக்கம் ஒண்டரைச் சுத்து வெளிய எடுத்தா அனேக மிசின் ஸ்டாட் எடுக்கிற அளவுக்கு வரும், உங்கட மிசின் புத்தகத்தில வேற கணக்கு இருந்தா அதுதான் சரி.

ஸ்டாட் எடுத்து நாலஞ்சு நிமிசம் சூடாக விடுங்க. குளிர் எஞ்சினில வச்ச கணக்கு சூட்டில நிக்காது. இப்ப எல்ல மெல்ல இறுக்குங்க, சத்தம் ஏறிக் கொண்டு போய் ஒரு இடத்தில உச்சம் வரும், இன்னும் இறுக்கினா விழப் பாக்கும். அந்த உச்சத்தக் காதில பிடிச்சு வச்சுக் கொண்டு அங்க இருந்து அரைக்கால் சுத்து, கூடினா கால் சுத்து, வெளிய எடுங்க. இப்ப ரேஸ் குடுத்தா தடக்காம எழும்பணும். தடக்கினா இன்னும் ஒரு அரைக்கால் வெளிய. பிறகு டிய வச்சு ஸ்லோவச் சரி பண்ணுங்க, செயின்சோ எண்டா ஸ்லோவில செயின் அசையக் கூடாது, அசைஞ்சா அது கால வெட்டுற மிசின். செயின் பக்கம் ஒருத்தரும் நிக்காம, செயின் சுத்துற தகடு நிலத்தில முட்டாமப் பிடிச்சுக் கொண்டுதான் இந்த வேலையெல்லாம்.

கடைசியா எச். முழு ரேஸ் குடுத்து ரெண்டு மூண்டு செக்கனுக்கு மேல பிடிக்காதீங்க. எண்ணெய் கொஞ்சம் கூடினா சத்தம் சுத்தமா இருக்காது, இடைக்கிட விட்டு விட்டு எரியிற மாதிரி பர்ர்ர் எண்டு கரகரக்கும். இறுக்க இறுக்க அது கீச்செண்டு சுத்தமாகும். சுத்தமாகிற இடத்தத் தாண்டாம, கொஞ்சம் கரகரப்பு இருக்கிற இடத்திலயே விடுங்க. மரத்தில வச்சு அரியேக்க பாரம் விழுந்ததும் அந்தக் கரகரப்புப் போயிடும், அரிஞ்சு முடிச்சுத் தூக்கினதும் திரும்ப வரும். வந்தாச் சரி. பிளக் வயரில சுத்திக் கட்டுற சின்ன டெக்கோமீற்றர் இருந்தா இன்னும் நல்லம், புத்தகத்தில போட்ட உச்ச வேகத்தத் தாண்டாமப் பாக்கலாம்.

கேள்வி: சத்தம் சுத்தமா இருந்தா நல்லம்தானே, ஏன் கரகரப்பில விடச் சொல்றீங்க?

என்ட முதல் புல்லு மிசின நான் கொண்டது இப்படித்தான். கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் சிரமதானம், வளவு முழுக்கப் புல்லு, பொடியன்மார் எல்லாரும் நிக்கினம், நான் எச்ச இறுக்கி இறுக்கி வச்சு மிசின் விசில் மாதிரிப் பாடுது, எல்லாரும் "ஆ, இப்பத்தான் மிசின் மிசின் மாதிரிக் கிடக்கு" எண்டாங்க. ஒரு டாங்க் ஓடி முடிய முதல் சத்தம் இறங்கிச்சு, நிண்டிச்சு, கயிறு இழுத்தா கை நோகாம லேசா வருது. கழட்டிப் பாத்தா பிஸ்டன் பக்கம் முழுக்க மேல கீழ கோடு கோடாக் கீறி அலுமினியம் உருகி இழுபட்டிருக்கு. டூ ஸ்ட்ரோக்கில ஒயில் பெற்றோலோடதான் கலந்து வருது, பெற்றோலக் குறைச்சா ஒயிலும் குறையும், சூட்ட இறக்கிறதும் அந்தப் பெற்றோல்தான், அதுவும் குறையும். அண்டைக்கு மிச்சப் புல்ல எல்லாம் மண்வெட்டியாலதான் செருக்கினம், எனக்கு மட்டும் ஒருத்தரும் மண்வெட்டி தரயில்ல, வேற ஏதும் உடைச்சிடுவன் எண்டு.

கேள்வி: அப்ப ஒயில் கொஞ்சம் கூட விட்டா பாதுகாப்புத்தானே?

ஒரு லீற்றருக்கு 20 மில்லி எண்டு போட்டிருந்தா 20 மில்லி, 40 எண்டா 40. அளவுக்கு மேல ஒயில் விட்டா அந்த இடத்தில பெற்றோல் குறையும், அதே ஜெட்டால ஒயில் கூடின எண்ணெய் போகேக்க எரியிறதுக்குப் பெற்றோல் குறைவு, அதாவது காத்து கூடின பக்கம்தான் போகுது. புகையும் வரும் பிளக்கும் கறுக்கும், அதப் பாத்து எண்ணெய் கூடிட்டு எண்டு நினைச்சு எச்ச இறுக்கினா கதை முடிஞ்சுது.

கேள்வி: நுவரெலியாவில இருந்து கொண்டு வந்த செயின்சோ, அங்க நல்லா ஓடினது இஞ்ச சூடேறுது, ஏன்?

நல்ல கேள்வி, இதக் கேட்டவர் கிண்ணியா நானா ஒருத்தர். நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1868 மீற்றர் உயரம், அங்க காத்து மெல்லிசு. மெல்லிசுக் காத்துக்கு எண்ணெயக் குறைச்சு வச்சாத்தான் ஓடும், ஆரோ அங்க அப்படித்தான் வச்சிருப்பாங்க. அதத் திருமலைக்குக் கொண்டு வந்தா இஞ்ச கடற்கரை, காத்து தடிப்பு, எண்ணெய் அதே குறைஞ்ச எண்ணெய். வந்த உடன எச், எல் ரெண்டையும் கால் சுத்து வெளிய எடுத்திட்டுத்தான் கயிற இழுக்கணும், பிறகு மேல சொன்ன மாதிரி வைக்கலாம். இஞ்ச இருந்து மேல கொண்டு போறவைக்கு உயிர் ஆபத்தில்ல, புகைச்சுக் கொண்டு பலமில்லாம ஓடும், அவ்வளவுதான். ஃபோ ஸ்ட்ரோக் (ஒயில் பெற்றோலோட கலக்காம எஞ்சினுக்குள்ள தனிய நிக்கிற) மிசினுக்கு ஹொண்டா புத்தகத்தில ஒவ்வொரு 300 மீற்றருக்கும் பலம் 3.5 வீதம் குறையும் எண்டு போட்டிருக்கு, அது காபரேட்டரால இல்ல, காத்து மெல்லிசாகிறதால.

கேள்வி: மண்ணெண்ணெயில ஓட்டினா ஸ்க்ரூ மாத்தணுமா?

2022 ஆவணியில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340 ரூபாய்க்கு ஏறின பிறகு இந்தக் கேள்வி குறைஞ்சிட்டு, ஆனாலும் கடல் தொழில் செய்யிற ஆக்கள் கேக்கினம். மண்ணெண்ணெய்க்கெண்டே செய்த எஞ்சின் வேற, அதில அமுக்கம் குறைவு, ஜெட்டும் வேற அளவு. பெற்றோலில ஸ்டாட் எடுத்துச் சூடாக்கி மண்ணெண்ணெய்க்கு மாத்தி, நிப்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்திக் கிண்ணத்தக் கழுவி விட்டு நிப்பாட்டணும். பெற்றோல் மிசினுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஸ்க்ரூவால சமாளிக்க ஏலாது. ஃபோ ஸ்ட்ரோக்கில எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலோட கலக்கும். ஒயில் குச்சியில அளவு குறையாம ஏறிக் கொண்டு போகுதெண்டா சந்தோசப்படாதீங்க.

கேள்வி: ஸ்க்ரூ தலையில சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பிடிக்குதில்ல.

புது மிசின்களில தலை பல்லுப் பல்லாவோ இங்கிலீஸ் D எழுத்து மாதிரியோ இருக்கும், கண்டவனும் திருப்பாம இருக்கத்தான். அதுக்கெண்டு செட் விக்குது. குறட்டால கடிக்காதீங்க. ஃபோ ஸ்ட்ரோக் தண்ணி மிசினில பைலட் ஸ்க்ரூவுக்கு மேல பிளாஸ்டிக் மூடி இருக்கும், கொஞ்சத் தூரம்தான் திரும்பும், அதுக்கு மேல தேவைப்பட்டா பிழை வேற எங்கயோ.

கேள்வி: கெஸ்ட் ஹவுஸ் ஜெனரேட்டரில லைட் மினுங்குது, காபரேட்டரா?

உப்புவெளி அக்கா ஒராள் கேட்டது. ஏசி போட்டதும் மட்டும் ஒருக்கா மங்கி எழும்பினா அது கவர்னர் வேலை, பரவாயில்ல. ஒண்டும் போடாமலே மினுங்கினா மேல சொன்ன பைலட் ஜெட். சின்ன ஜெனரேட்டர் நிமிசத்துக்கு 3000 சுத்து சுத்தினாத்தான் எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்ட் வரும், அதால மிக்சர் பிழைக்குக் கவர்னர் ஸ்ப்ரிங்க இழுத்து வேகத்தக் கூட்டாதீங்க அக்கா, ஃப்ரிஜ்ஜும் டிவியும்தான் போகும். அதோட மழை எண்டு ஜெனரேட்டர உள்ளுக்கு எடுத்து வைக்கவே வேண்டாம், அந்தப் புகையில இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, நித்திரையிலயே ஆளை முடிக்கும்.

கேள்வி: எல்லாம் செய்தும் வைச்ச இடத்தில நிக்குதில்ல, காலமை ஒரு மாதிரி பின்னேரம் ஒரு மாதிரி.

அப்ப எங்கயோ கள்ளக் காத்து இழுக்குது. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில இருக்கிற கேஸ்கட், ரப்பர், டூ ஸ்ட்ரோக் எண்டா கிராங்க் சீல். ஸ்லோவில ஓட விட்டு அந்தப் பொருத்துகளில சவர்க்காரத் தண்ணிய மெல்லமா அடிச்சுப் பாருங்க, சத்தம் மாறினா அந்த இடம்தான். பெற்றோல் அடிச்சுப் பாக்கிற ஆக்கள் இருக்கினம், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில அது வேண்டாத வேலை. செயின்சோ, புல்லு மிசினில இன்னொண்டு டயஃப்ரம், அந்த மெல்லிய ரப்பர் தகடு காலம் போக விறைச்சு பப்படம் மாதிரி ஆகும், விரலால அமத்தினா சத்தம் வரும். கிட் எண்டு கேட்டா டவுன் கடைகளில குடுப்பாங்க, காபரேட்டர்ல அடிச்சிருக்கிற நம்பர ஃபோட்டோ எடுத்துக் கொண்டு போங்க, "புல்லு மிசினுக்கு ஒண்டு தாங்க" எண்டு கேட்டா ஒரு பெட்டியத் தூக்கி முன்னால வச்சுத் தேடச் சொல்லுவாங்க. கிராங்க் சீல் எண்டா நானே கழட்டிறதில்ல, கராஜுக்குத்தான்.

கேள்வி: மாரி மழைக்கு மிசின ஒதுக்கி வைக்கேக்க என்ன செய்யிறது?

ஐப்பசியில மழை இறங்கினா தை வரைக்கும் தண்ணி மிசினுக்கு வேலை இல்ல. பெற்றோல் பைப்ப மூடிட்டு ஓட விடுங்க, கிண்ணத்தில கிடக்கிறது முடிஞ்சு தானா நிக்கும். டாங்க்கில மிச்சத்த மோட்டார் சைக்கிளுக்கு ஊத்திடுங்க. செயின்சோ, புல்லு மிசினில ஒயில் கலந்தது, அத பைக்குக்கு ஊத்தாதீங்க. பிளக்கக் கழட்டி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு ரெண்டு தரம் கயிறு இழுத்து மூடி வைங்க, சாக்கால மூடுங்க, பொலித்தீனால மூடினா உள்ளுக்கு வேர்த்துத் துருப் பிடிக்கும். மாமா போன வருசம் பொலித்தீனாலதான் மூடினவர்.